தாய்மாரைக் காக்கும் அந்தச் சில நிமிடங்கள்

மகப்பேற்று மரணங்களைக் கட்டுப்படுத்துவதில் இலங்கை தெற்காசியாவின் முன்னணி நாடுகளுள் ஒன்றாகத் திகழ்கின்றது. இப்பெருமைக்குத் தலைநகரின் பெரிய வைத்தியசாலைகள் மாத்திரம் உரித்துடையனவல்ல. மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலை போன்றவற்றின் சத்திரசிகிச்சைக் கூடங்களுக்கும் அதில் பங்குண்டு. ரத்தோட்டை, எல்கடுவ தோட்டப்புறத் தாய்மாரும் லக்கல போன்ற தொலைதூரக் கிராமத்துத் தாய்மாரும் நம்பியிருப்பது இத்தகைய வைத்தியசாலைகளையே.

இன்று சிசேரியன் சத்திரசிகிச்சைகளிற் பெரும்பாலானவை தாயை முழுமையாக மயக்காமல், முள்ளந்தண்டில் ஏற்றப்படும் விறைப்பு ஊசியின் துணையுடனேயே நடைபெறுகின்றன. 1898 ஆம் ஆண்டில் ஜேர்மனிய வைத்தியரான ஓகஸ்ட் பியர் தொடக்கிவைத்த இம்முறையில் தாய் விழித்திருந்து குழந்தையின் முதல் அழுகுரலைக் கேட்கிறாள். முழு மயக்கத்தின்போது சுவாசக் குழாய் செலுத்துவதால் நேரக்கூடிய ஆபத்தும் இதில் இல்லை.

எனினும் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஊசிமருந்து வலியுணர்வை மட்டுமன்றி, குருதிக் குழாய்களை இறுக்கி வைத்திருக்கும் நரம்புகளையும் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்கின்றது. குழாய்கள் விரிய, குருதி கால்களில் தேங்குகின்றது. மல்லாந்து படுத்திருக்கும் தாயின் நிறைமாதக் கருப்பையோ இதயத்திற்குத் திரும்பும் பெருநாளத்தை அழுத்துகின்றது. சில நிமிடங்களிலேயே குருதியமுக்கம் சரிகின்றது. தாய்க்குக் குமட்டலும் தலைச்சுற்றும் ஏற்படுகின்றன; சிசுவுக்குச் செல்லும் ஒட்சிசனும் குறைகின்றது. தடுப்பு நடவடிக்கை இல்லாதவிடத்து இது பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வதாகும்.

ஆகவே, வீழ்ச்சி ஏற்பட்ட பின்னர் ஓடித்திரிவதைவிட முன்கூட்டியே தடுப்பதே முறை. ஊசி ஏற்றப்படும்போதே சேலைன் விரைவாகச் செலுத்தப்பட வேண்டும். தாயின் இடுப்பு இடப்புறமாகச் சற்றுச் சாய்க்கப்பட வேண்டும். குழாய்களை இறுக்கும் பினைலெப்ரின் போன்ற மருந்தைத் தொடக்கத்திலிருந்தே அளவாகச் செலுத்துவது இவற்றினும் முக்கியமானது. மேல் அமுக்கத்தை வழமையான அளவின் 90 வீதத்திற்குக் குறையாது பேண முயலவேண்டும் என 2018 இல் வெளியான சர்வதேச நிபுணர்களின் இணக்க அறிக்கை பரிந்துரைத்தது. வழமையாக 120 ஆக உள்ள தாய்க்கு அது 108 ஆகும்.

இவற்றுள் எதுவும் விலையுயர்ந்த இயந்திரங்களை வேண்டிநிற்பதல்ல. வேண்டப்படுவன தடையின்றிக் கிடைக்கும் மருந்து, அமுக்கத்தை ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை அளக்கும் கருவி, அதிலிருந்து கண்ணெடுக்காத பயிற்சி பெற்ற வைத்தியர் ஆகியனவே. 2022 பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாடு எமது வைத்தியசாலைகளை வாட்டியதையும், அதன்பின் விசேட வைத்திய நிபுணர்கள் பலர் நாட்டைவிட்டு வெளியேறியதையும் மறத்தலாகாது.

குமட்டலோ மூச்சுத்திணறலோ தோன்றின் உடனே சொல்லுமாறு தாய்மாருக்கு முன்னரே அறிவுறுத்தப்பட வேண்டும். தமிழ் பேசும் தாய்க்கு அது தமிழிலேயே கூறப்பட வேண்டும். அவள் கூறுவதைப் புரிந்துகொள்ளும் ஒருவர் அருகில் இருப்பதும் அவசியம். மாத்தளைத் தாய்க்கும் கொழும்புத் தாய்க்கும் அந்தச் சில நிமிடங்களின் பாதுகாப்பு ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அதனை உறுதிசெய்வது சுகாதாரத் துறையின் தட்டிக்கழிக்க முடியாத கடமையாகும்.