யாஷிகா நெகட்டிவும் 2 மெகாபிக்சலும்: ஒரு வீட்டுக் கணக்கு

போன வருஷம் அப்பா தவறிட்டார். பதினாறாம் நாளுக்கு ஃப்ரேம் போட ஒரு படம் வேணும்னு அம்மா கேட்டாங்க. எந்தப் படம் என்று நான் யோசிக்கவே இல்லை. 2003-ல் திருமுல்லைவாயல் வீட்டுக் கிரகப்பிரவேசத்தன்று, வெள்ளை வேட்டி சட்டையோடு புது வாசலில் அப்பா சிரித்துக்கொண்டு நிற்கிற படம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய 2 மெகாபிக்சல் டிஜிட்டல் கேமராவில் நானே எடுத்தது.

அம்பத்தூரில் பிரிண்ட் போடுகிற கடையில் 12×15 அங்குலத்துக்குப் பெரிதாக்கிக் காட்டினார்கள். முகம் முழுக்க கட்டம் கட்டமாக இருந்தது. சட்டையில் ஒரு மடிப்புகூட இல்லை, வெறும் வெள்ளை. ஃபைல் விவரத்தைப் பார்த்தேன்: 640×480. அதாவது வெறும் 3 லட்சம் புள்ளிகள்.

2 மெகாபிக்சல் கேமராவில் ஏன் 0.3 மெகாபிக்சல் படம்? தப்பு என்னுடையதுதான். கூட வந்த மெமரி கார்டு 8 எம்.பி. முழுத் தரத்தில், அதாவது 1600×1200-ல் வைத்தால் ஏறக்குறைய 10 படம். 640×480-ல் வைத்தால் 80-க்கும் பக்கம். ஒரு ரோலுக்கு 36 படம் எடுத்துப் பழகிய கைக்கு 10 படம் எப்படிப் போதும்? மெனுவுக்குள் போய் நானே குறைத்து வைத்தேன். அன்றைய கம்ப்யூட்டர் மானிட்டரில் படம் பளிச்சென்றுதான் தெரிந்தது.

கடையிலிருந்து திரும்பி வந்து பீரோ மேலே இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினேன். 1991-ல் வீட்டு யாஷிகா எம்.எஃப்-2 கேமராவில் எடுத்த கலர் நெகட்டிவ்கள் அதில் இருந்தன. கோயில் வாசலில் அப்பா நிற்கிற ஒரு படத்தை அங்குலத்துக்கு 2,400 புள்ளி கணக்கில் ஸ்கேன் செய்தேன். 35 எம்.எம். ஃபிலிமின் ஒரு ஃப்ரேம் 36×24 மில்லிமீட்டர். அதிலிருந்து கிடைத்தது 3402×2268, கிட்டத்தட்ட 77 லட்சம் புள்ளிகள். 12×15 பிரிண்ட்டில் நீளப் பக்கத்துக்கு டிஜிட்டல் படம் தருவது அங்குலத்துக்கு 43 புள்ளி. நெகட்டிவ் தருவது 227.

இதை வைத்து ஃபிலிம் உசத்தி, டிஜிட்டல் மட்டம்னு சொல்லிவிட முடியாது. அந்த 77 லட்சத்தில் எல்லாமே விவரம் இல்லை. எம்.எஃப்-2 ஃபோகஸ் திருப்ப வசதியில்லாத சாதாரண கேமரா. ஸ்கேனில் ஒரு பங்கு ஃபிலிமின் மணல்தன்மைதான், அதான் கிரெயின். அதே சமயம் 2 மெகாபிக்சலை முழுத் தரத்தில் வைத்து எடுத்திருந்தால், 4×6 பிரிண்ட்டில் அங்குலத்துக்கு 267 புள்ளி கிடைத்திருக்கும். ஆல்பத்தில் ஒட்டினால் எது ஃபிலிம், எது டிஜிட்டல்னு பிரிப்பது கஷ்டம். அன்றைக்கு நாம எல்லாரும் பிரிண்ட்டை வைத்துத்தான் ஒப்பிட்டோம். பிரிண்ட்டுக்குப் பின்னால் என்ன மிச்சம் இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

அந்த மிச்சத்தில் இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது நிறம். கலர் ஃபிலிமில் நீலம், பச்சை, சிவப்பு என மூன்று நிறத்துக்கும் தனித்தனி அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு இடத்திலும் மூன்றும் பதிவாகும். டிஜிட்டல் சென்சாரில் ஒரு புள்ளி ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது: பாதி பச்சை, கால் சிவப்பு, கால் நீலம். 2 மெகாபிக்சல் என்றால் சிவப்பை நேராகப் பார்த்தது சுமார் 5 லட்சம் புள்ளிகள்தான். மற்றதெல்லாம் பக்கத்துப் புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்கு. இன்றைய கேமராக்களிலும் பெரும்பாலும் இதே முறைதான். புள்ளிகள் ஏராளமாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது வெளிச்சம். வெயிலில் வெள்ளை வேட்டி. கலர் நெகட்டிவில் வெளிச்சம் கூடக்கூட அடர்த்தியும் மெதுவாகக் கூடிக்கொண்டே போகும். பிரிண்ட்டில் வெளுத்துப்போன சட்டையின் மடிப்பு நெகட்டிவில் ஒளிந்திருக்கும். ஸ்கேனில் அதை வெளியே கொண்டுவரலாம். ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான். 255-ஐத் தொட்டால் முடிந்தது. அதற்கு மேல் வந்த வெளிச்சம் எல்லாம் ஒரே வெள்ளை. அப்பா சட்டைக்கு நடந்தது இதுதான். எந்த மென்பொருளாலும் அந்த மடிப்பைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. புதுசாக வரைய முடியும், அது அப்பாவோட சட்டை இல்லை.

சினிமாவிலும் இதே கணக்குதான். பி.சி. ஸ்ரீராம் ஒளிப்பதிவு செய்த 'நாயகன்' 1987-ல் ஃபிலிமில் எடுத்தது. அவரே இயக்கிய 'வானம் வசப்படும்' 2004-ல் வந்தது, ஹெச்.டி. டிஜிட்டலில் எடுத்தது. முழு ஹெச்.டி. ஃப்ரேம் என்றாலே 1920×1080, 20 லட்சம் புள்ளிக்குக் கொஞ்சம் மேல். நல்ல ஃபிலிம் நெகட்டிவ் கையில் இருந்தால் இன்று அதை 4கே-வில் ஸ்கேன் செய்யலாம். ஹெச்.டி.யில் பதிவானது ஹெச்.டி.யாகவே இருக்கும்.

டிஜிட்டல் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 1975-ல் ஸ்டீவ் சாஸன் கோடாக்கில் செய்த முதல் டிஜிட்டல் கேமரா 100×100 புள்ளி. ஒரு படத்தை கேசட்டில் பதிய 23 விநாடி ஆனது. 2003-ல் கேனன் 300டி 6.3 மெகாபிக்சலோடு வந்தபோது, வீட்டுத் தேவைக்கு ஃபிலிமை டிஜிட்டல் எட்டிப் பிடித்துவிட்டது என்பது என் கணிப்பு. ஆனால் நம்ம வீடுகளுக்கு அந்தத் தரம் வந்து சேர இன்னும் சில வருஷம் ஆச்சு. அந்த இடைப்பட்ட காலம்தான் பல வீட்டு ஆல்பங்களின் ஓட்டை.

பெட்டியின் அடியில் அம்மா அப்பா கல்யாண நெகட்டிவும் கிடைத்தது. 1976, கறுப்பு வெள்ளை, ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து' 120 ரோல். 1967-ல் உற்பத்தி தொடங்கிய அந்த அரசு ஆலை இப்போது இல்லை. கறுப்பு வெள்ளைப் படம் ஃபிலிமில் வெள்ளித் துகளாக நிற்கும், கலர் படம் சாயமாக நிற்கும். சாயம் வெளுக்கும். அதனால் 1991 கலர் நெகட்டிவைவிட 1976 நெகட்டிவ் நல்லா இருந்தது.

அதற்காக நெகட்டிவ் சாகாது என்று நினைக்க வேண்டாம். ஃபிலிமின் மேல் இருப்பது ஜெலட்டின். நம்ம ஊர் ஈரக்காற்றில் பூஞ்சைக்கு அது நல்ல சாப்பாடு. என் பெட்டியில் இரண்டு ரோல் அப்படியே போச்சு. காடி வாசனை வந்தால் ஃபிலிமின் அடித்தளமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். 2000-களின் படங்களை எழுதிவைத்த சி.டி.க்களுக்கும் ஆயுள் கம்மி. ஆகவே நெகட்டிவ்களை இப்போதே ஸ்கேன் செய்யுங்கள், சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பழைய சி.டி.க்களை இந்த வாரமே ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

கடைசியில் ஃப்ரேம் போட்டது 1991 படத்தைத்தான். அதில் அப்பாவுக்கு 42 வயசு. எனக்கு இப்போ 44. சுவரில் இருக்கிற அப்பா என்னைவிட இரண்டு வயசு சின்னவர். அம்மாவுக்குப் பிடித்த அந்த 2003 சிரிப்பு, உள்ளங்கை அளவு பிரிண்ட்டாக பூஜை அறையில் இருக்கிறது. அதற்கு மேல் அது பெரிதாகாது.