பறக்கும் முன் காற்றைப் படி

இமாசலப் பிரதேசத்தின் காங்கிரா மாவட்டத்தில் பீர் என்றொரு சிற்றூர். அதற்கு மேலே, தௌலாதார் மலைச்சரிவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பில்லிங் புல்வெளி. அங்கிருந்து கிளம்பும் பாராகிளைடர்கள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே, பீர் ஊரை ஒட்டிய வெளியில் வந்து இறங்குகின்றன. 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டியே இங்கு நடந்தது. ஆனால் பயிற்சிக்கு வருபவரை எடுத்த எடுப்பிலேயே பில்லிங்குக்கு அழைத்துப்போவதில்லை. சமதரையிலும் சிறு மேட்டிலும்தான் பாடம் தொடங்கும்.

முதல் பாடம், துணியை இறக்கையாக்குவது. பாராகிளைடரில் உலோகச் சட்டம் கிடையாது. நைலான் துணி இரண்டு அடுக்காகத் தைக்கப்பட்டு, நடுவே வரிசையாக அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முன்விளிம்பில் அந்த அறைகளின் வாய்கள் திறந்திருக்கும். மாணவர், உடலை இறக்கையோடு இணைக்கும் ஹார்னஸை மாட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் ஓடினால், அந்த வாய்கள் வழியே காற்று புகுந்து அறைகள் உப்பும். உள்ளே சேரும் அழுத்தம்தான் துணிக்கு இறக்கையின் வடிவத்தைத் தருகிறது. இந்த அமைப்பை 1960-களில் உருவாக்கியவர் டோமினா ஜால்பெர்ட். 1978-இல் பிரான்சின் மியூசி என்ற ஊரில் பாராசூட் வீரர்கள் சிலர், விமானம் இல்லாமல் மலைச்சரிவில் ஓடியே இத்தகைய பாராசூட்டுடன் கிளம்பினார்கள். விளையாட்டு அங்கிருந்துதான் பரவியது.

அடுத்தது பிரேக். பயிற்சிக்கான இறக்கை, அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் எட்டு மீட்டர் முன்னேறும். வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர் அளவில் இருக்கும். இரு கைகளிலும் உள்ள பிரேக் கயிறுகளை இழுத்தால் இறக்கையின் பின்விளிம்பு கீழே மடங்கி வேகம் குறையும். வானில் அளவு மீறி இழுத்தால், மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துபோய் இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும். அதே இழுப்பைத் தரைக்குச் சற்று மேலே, சரியான நொடியில் முழுமையாகக் கொடுத்தால், வேகம் அடங்கிக் கால்கள் மெதுவாகத் தரையைத் தொடும். எங்கே, எவ்வளவு இழுப்பது என்பதைக் கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

இத்தனையும் கைவந்த பிறகும் மீதி இருப்பது காற்று. வெயில் விழும் சரிவு சூடாகி, அதை ஒட்டிய காற்றும் சூடாகி மேலெழும். பறப்பவர்கள் இதைத் தெர்மல் என்பார்கள். மேலேறும் ஈரமில்லாக் காற்று, கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி செல்சியஸ் குளிரும். அப்படிக் குளிர்ந்தும் சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாக இருக்கும்வரை ஏறிக்கொண்டே போகும். கழுகுகள் இறக்கையை அடிக்காமல் வட்டமிடும் இடம் பெரும்பாலும் தெர்மல்தான். பறப்பவரிடம் உள்ள வேரியோமீட்டர், காற்றழுத்தம் குறைவதை உணர்ந்து ‘பீப் பீப்’ என ஒலித்து, ஏறுகிறோம் என்று சொல்லும்.

ஏற்றிவிடும் காற்றே ஆபத்தாகவும் மாறும். காற்று மோதும் பக்கத்துச் சரிவு நம்மைத் தூக்கும்; மறுபக்கத்திலோ, பாலத் தூணுக்குப் பின்னால் ஆற்றுநீர் சுழல்வதுபோலக் காற்று சுழன்று இறக்கையை மடக்கிவிடும். மேகத்துக்குள் நீராவி நீராகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை இன்னும் வேகமாக மேலே இழுக்கும். 2007-இல் ஆஸ்திரேலியாவில் ஏவா விஸ்னியர்ஸ்கா என்ற வீராங்கனையை இடிமேகம் ஒன்று 9,900 மீட்டருக்கும் மேலே இழுத்துச் சென்றது. அந்த உயரத்தில் நினைவிழந்த அவர் உயிர் பிழைத்தது அபூர்வம். அதே மேகத்தில் சிக்கிய மற்றொரு வீரர் இறந்துபோனார்.

ஆகவே, பயிற்சிக்குப் போகிறவர்கள் கட்டணத்தை விசாரிப்பதற்கு முன் சிலவற்றைக் கேளுங்கள். பயிற்றுநருக்கு உரிமம் இருக்கிறதா? இறக்கை தொடக்கநிலையினருக்கென்று சான்று பெற்றதா? ஹெல்மெட்டும் அவசரகாலப் பாராசூட்டும் ரேடியோவும் தருவார்களா? காற்று சரியில்லாத நாளில், வந்தவர்கள் எத்தனை வற்புறுத்தினாலும் பயிற்சியை நிறுத்துவார்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ‘ஆம்’ என்று சொல்லும் பள்ளியில் சேருங்கள். பயிற்றுநர் இன்று வேண்டாம் என்றால், இறக்கையை மடித்துப் பையில் வையுங்கள்.