மோட்டாருக்கு எத்தனை ராஜ்யம்?

ஆவுடையார்கோவில் என்று இன்று வழங்கும் திருப்பெருந்துறையில், வாகனம் வாங்கப் போன பணத்தின் கதையை அறியாதார் தமிழ்நாட்டில் இல்லை. குதிரை வாங்கி வரும்படி பாண்டிய மன்னன் பொக்கிஷத்தைத் திறந்து கொடுத்தனுப்பினான். மந்திரியாகிய மாணிக்கவாசகர் அத்திரவியத்தைச் சிவபணியில் செலவிட்டார். நரிகள் பரிகளாகி மதுரை சேர்ந்து, இரவில் மீண்டும் நரிகளாயின என்பது புராணம். பக்தர்கள் இதில் காணும் பொருள் பெரிது. வக்கீல் தொழிலில் பழகிய நமது புத்தியோ சின்ன விஷயமொன்றில் போய் நிற்கிறது. கீழைக் கடற்கரையிலிருந்து வந்த குதிரைகளைப் பாண்டிய நாட்டு லாயத்தில் கட்டியபோது, "முந்தின ராஜ்யத்தில் வரி கட்டியாயிற்றா, அந்த ராஜ்யத்தாரின் ஆட்சேபணையின்மைப் பத்திரம் எங்கே?" என்று மன்னனுடைய உத்தியோகஸ்தர் எவரும் கேட்டதாகப் புராணத்தில் இல்லை.

இக்காலத்து ஆவுடையார்கோவில்வாசி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பிழைப்பின் நிமித்தம் பெங்களூர் சென்ற அவர், அங்கே எட்டு லக்ஷ ரூபாய் விலையில் ஒரு மோட்டார் கார் வாங்குகிறார். வாங்கும்போதே கர்நாடக சர்க்காருக்கு ஆயுட்கால வரி, அதாவது ஜனங்கள் 'லைஃப் டாக்ஸ்' என்று சொல்வது, 14 சதவிகிதம் செலுத்துகிறார். தொகை 1,12,000 ரூபாய், மேல்வரி தனி. இனிப் பதினைந்து வருஷத்துக்கு வரி என்ற பேச்சில்லை என்று நிம்மதியாயிருக்கிறார். நாலு வருஷம் கழித்துத் தாயாருக்கு உடம்பு சரியில்லை. நிலத்தைப் பார்க்க ஆளில்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டு, அதே காரில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஊர் வந்து சேருகிறார். அறந்தாங்கிக்கும் மீமிசலுக்கும் கர்நாடக நம்பரோடு போய்வருகிறார். அவருக்கு வரும் சங்கடம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

1989 ஜூலை 1 முதல் அமலிலிருக்கும் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, ஒரு ராஜ்யத்தில் ரிஜிஸ்தர் செய்யப்பட்ட வண்டியை இந்தியாவில் வேறெங்கும் மறுபடி ரிஜிஸ்தர் செய்ய வேண்டுவதில்லை என்று தாராளமாகச் சொல்லுகிறது. அடுத்த பிரிவு அந்தத் தாராளத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வேறு ராஜ்யத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி வைக்கப்பட்டிருந்தால், அந்த ராஜ்யத்தின் புதிய நம்பரை வாங்கியாக வேண்டும். அதற்கு முன் 48-ஆவது பிரிவின்படி, பழைய ராஜ்யத்து அதிகாரியிடமிருந்து ஆட்சேபணையில்லை என்ற சான்று பெறவேண்டும். எல்லோரும் 'என்.ஓ.சி.' என்று சொல்லும் காகிதம் இதுவே. வண்டி திருட்டு வழக்கில் சிக்கியதல்ல என்று போலீஸ் தரப்பில் தெரியவேண்டும். வரிப் பாக்கி இருத்தலாகாது. கடன் கொடுத்த பாங்கி சம்மதிக்கவேண்டும். அதன் பிறகே புது ராஜ்யத்தில் விண்ணப்பம், வண்டியைக் கொண்டுபோய்க் காட்டுதல், வரி, கடைசியாகப் புதுக்கோட்டை ஜில்லாவுக்குரிய 'டி.என். 55' என்ற குறி.

சான்று கேட்பதை நாம் குறை கூறவில்லை. திருட்டு வண்டிகள் ஒரு ராஜ்யத்தில் மறைந்து இன்னொரு ராஜ்யத்தில் முளைக்காமலிருக்க ஏதோ ஒரு காவல் வேண்டியதே. 2022 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட உத்தரவில் ஐம்பத்தெட்டு சேவைகளை ஆபீஸுக்கு வராமலே பெறலாமென்று ஏற்பாடானது. அதையும் மனமார வரவேற்கிறோம். நமது வழக்கு காகிதத்தைப் பற்றியதன்று, பணத்தைப் பற்றியது.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் திருத்தப்பட்ட விகிதப்படி, எட்டு லக்ஷ ரூபாய் பெறுமான புதுக்காருக்கு ஆயுட்கால வரி 13 சதவிகிதம், அதாவது 1,04,000 ரூபாய். நாலு வருஷத்து வண்டிக்கு அதன் வயதை உத்தேசித்து அட்டவணைப்படி குறைத்து வாங்குவார்கள். குறைத்தாலும் சொற்பமான தொகையல்ல. பெங்களூரிலோ, பதினைந்து வருஷத்துக்கு வரி கட்டியவர் அனுபவித்தது நாலு வருஷமே. நேரான கணக்கில் மிச்சம் பதினொரு வருஷத்துக்குரியது சுமார் 82,000 ரூபாய். அது அவருக்குத் திரும்பவேண்டிய பணம். அந்த ராஜ்யத்தின் அட்டவணைப்படி ஒரு பகுதி திரும்புவதும் உண்டு. ஆனால் எப்போது? முதலில் புது ராஜ்யத்தில் முழுவதையும் கட்டவேண்டும். புது நம்பர் வாங்கவேண்டும். அதன் நகலை வைத்துப் பழைய ராஜ்யத்துக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். ஆக, ஒரே வண்டிக்கு, ஒரே காலத்துக்கு, இரண்டு சர்க்கார்களின் கஜானாவிலும் ஒரே குடியானவனின் பணம் கிடக்கிறது. வட்டி எவரும் தருவதில்லை. மனுவை எழுதிக் கொடுக்கும் புரோக்கருக்கு மட்டும் கூலி உண்டு. அலுத்துப்போய் மனுவே செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் தங்கள் உரிமையைச் சர்க்காருக்குத் தானம் செய்தவர்களாகிறார்கள்.

சில ராஜ்யங்கள் பன்னிரண்டு மாதம் பொறுக்கவும் மனமில்லாமலிருந்தன. 2014-இல் கர்நாடகம் தன் வரிச் சட்டத்தைத் திருத்தி, முப்பது நாளுக்கு மேல் தங்கிய வெளி ராஜ்ய வண்டிகளிடம் ஆயுட்கால வரி கேட்டது. வழியில் வண்டிகளை நிறுத்தி வசூல் நடந்தது. 2016-இல் அந்த ராஜ்யத்து ஹைகோர்ட்டே அத்திருத்தம் செல்லாதென்று தீர்ப்பளித்தது. நிறுத்தப்பட்ட வண்டிகளில் தமிழ்நாட்டு வண்டிகளும் இருந்தன என்பதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். நாம் அங்கே பட்டதை இங்கே வரும் மலையாளியோ தெலுங்கரோ படலாமென்று சொல்ல நமக்கு வாயில்லை.

எல்லை என்பது என்னவென்று ஆவுடையார்கோவிலாருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 1948-க்கு முன் அவ்வூர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது; ஆங்கிலேயர் ஆண்ட பூமி. மேற்கே சற்றுத் தூரம் போனால் தொண்டைமான் ஆண்ட சமஸ்தானம். அங்கே சட்டம் வேறு, அம்மன் காசு என்ற சொந்த நாணயமும் உண்டு. 1948 மார்ச் 3-ஆம் தேதி சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-இல் புதுக்கோட்டை ஜில்லா ஏற்பட்டபோது ஆவுடையார்கோவிலும் அதில் சேர்ந்தது. பாட்டனார் காலத்தில் அன்னிய சீமையாயிருந்த பட்டணம் பேரன் காலத்தில் ஜில்லாத் தலைநகராயிற்று.

வடக்கேயும் இவ்விதமான கதை ஒன்று உண்டு. அது சுப்ரீம் கோர்ட் வரை சென்றது. அஜ்மீர் தனி ராஜ்யமாயிருந்த நாளில் நசீராபாத்திலிருந்து தேவ்லிக்குப் பஸ் விட்டவர்கள் இருந்தார்கள். பாதையின் பெரும்பகுதி அஜ்மீரில். இடையிடையே ராஜஸ்தானத்தின் குறுகிய துண்டு நிலங்களைக் கடந்து போகவேண்டும். அத்துண்டு நிலத்துக்காக ராஜஸ்தான் சர்க்கார் 1951-ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி வரி கேட்டது. இந்திய பூமி முழுவதிலும் வியாபாரமும் போக்குவரத்தும் தடையின்றி நடக்கவேண்டும் என்னும் அரசியல் சாசனத்தின் 301-ஆவது ஷரத்தைக் காட்டி பஸ் முதலாளிகள் வழக்காடினார்கள். 1962-இல் தீர்ப்பு வந்தது: சாலைக்கு ஈடாக வாங்கும் வரி போக்குவரத்துக்குத் தடையாகாது, வரி செல்லும் என்று. அதற்கு ஆறு வருஷம் முன்னரே அஜ்மீர் ராஜ்யம் ராஜஸ்தானத்தில் கலந்துபோயிற்று. எல்லை மறைந்த பின் எல்லையைப் பற்றிய தீர்ப்பு வெளியாயிற்று! 2016-இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட பெஞ்சு ஜிண்டால் வழக்கில் 'ஈட்டு வரி' என்ற அந்தச் சித்தாந்தத்தையும் கைவிட்டு, பாரபட்சமில்லாத வரி விதிக்க ராஜ்யங்களுக்குத் தடையில்லை என்றது. ஆகவே கோர்ட்டில் பரிகாரம் தேடுவது இனி சுலபமல்ல. பரிகாரம் பார்லிமெண்டிலேயே இருக்கிறது.

பார்லிமெண்டுக்கு அந்த அதிகாரம் உண்டா என்று சந்தேகிப்பவர்கள் சாசனத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டிப் பார்க்கட்டும். வாகன வரி ராஜ்யப் பட்டியலின் 57-ஆவது இனம். ஆனால் அது பொதுப் பட்டியலின் 35-ஆவது இனத்துக்கு உட்பட்டது என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அந்த 35-ஆவது இனமோ, யந்திர வாகனங்களையும், அவற்றின்மீது வரி விதிக்கவேண்டிய கோட்பாடுகளையும் பற்றியது. சாசனம் செய்தவர்கள் விகிதத்தை ராஜ்யங்களுக்கு விட்டார்கள். கோட்பாட்டை எல்லோருக்கும் பொதுவாக வைத்தார்கள். அக்கோட்பாடுகளை வகுத்து ஒரு முழுமையான சட்டம் இன்றுவரை இயற்றப்படவில்லை.

இடையில் செய்ததெல்லாம் ஒட்டு வேலை. 2018-இல் ராஜ்யப் போக்குவரத்து மந்திரிகள் குழு, நாடு முழுவதும் 8, 10, 12 சதவிகிதம் என்று ஒரே மாதிரி வரி வாங்கலாமென்று யோசனை கூறியது. யோசனை யோசனையாகவே நின்றது. 2021 ஆகஸ்டில் 'பி.எச்.' என்னும் பாரத் வரிசை அறிவிக்கப்பட்டது. இரண்டிரண்டு வருஷத்துக்கு வரி கட்டினால் போதும். ராஜ்யம் மாறினாலும் நம்பர் மாறுவதில்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் யாருக்கு? ராணுவத்தாருக்கு, சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு, நாலு ராஜ்யங்களுக்குக் குறையாமல் ஆபீஸ் வைத்திருக்கும் கம்பெனிகளின் சிப்பந்திகளுக்கு. நமது ஆவுடையார்கோவில்வாசி பெங்களூரில் ஒரு சிறு பட்டறையில் வேலை பார்த்திருந்தால் அவருக்கில்லை. சொந்தமாகக் கடை வைத்திருந்தாலும் இல்லை. எங்கும் நடமாடவும் எங்கும் வசிக்கவும் சாசனத்தின் 19-ஆவது ஷரத்து தரும் உரிமை பிரஜைகள் எல்லோருக்கும் பொது. அதை அனுபவிப்பதில் வரும் சிரமத்தை நீக்கும்போது மட்டும் உத்தியோகத்தைப் பார்த்து நீக்குவது என்ன நியாயம்?

ராஜ்யங்களின் தரப்பையும் கேட்கவேண்டும். வாகன வரி அவற்றின் கையில் மிஞ்சியிருக்கும் சில வரிகளில் ஒன்று. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்து பலவற்றை விழுங்கிவிட்டது. கொஞ்சம் இடம் கொடுத்தால் தந்திரசாலிகள் உள்ளே புகுவார்கள் என்பதும் மெய். கேரளத்தில் ஓடுகிற சொகுசுக் கார்களை வரி குறைந்த புதுச்சேரியில் ரிஜிஸ்தர் செய்த விவகாரம் 2017-இல் அம்பலமானது. வண்டி எங்கே ஓடித் தேய்கிறதோ அந்த ராஜ்யத்துக்கே வரி சேரவேண்டும். இதில் நமக்கு மாறுபட்ட அபிப்பிராயமில்லை.

ஆனால் அதைச் சேர்ப்பிக்கும் வேலை யாருடையது? ஒரு ராஜ்யத்தில் விற்ற சரக்கு இன்னொரு ராஜ்யத்தில் செலவானால், ஜி.எஸ்.டி.யில் வரி தானாகவே செலவாகும் ராஜ்யத்தின் கணக்குக்குப் போகிறது. வாங்கியவர் மனுப் போடுவதில்லை. 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயமான 'ஃபாஸ்டாக்' சீட்டைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பெங்களூரிலிருந்து வருகிறவரின் பணம், ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் நொடியில் உரியவருக்குப் பிரிந்து சேருகிறது. சாவடிக்காரருக்குச் செய்யத் தெரிந்ததை இரண்டு சர்க்கார்கள் தங்களுக்குள் செய்துகொள்ளத் தெரியாதா? வரியை வருஷக் கணக்கில் வகுக்கட்டும். குடிமாறிய தேதியிலிருந்து மிச்ச வருஷங்களுக்குரியதைப் பழைய ராஜ்யம் புது ராஜ்யத்துக்கே நேராக அனுப்பட்டும். விகிதத்தில் வித்தியாசமிருந்தால் அந்த வித்தியாசத்தை மட்டும் சொந்தக்காரர் கட்டட்டும். இவ்வளவையும் 35-ஆவது இனத்தின் கீழ் ஒரு சிறு சட்டத்தில் அடக்கலாம். நமது ஜில்லாவில் ஓட்டுக் கேட்க வரும் பார்லிமெண்ட் அங்கத்தினர்களிடம், கட்சி எதுவாயினும், தேசபக்தர்கள் இதைக் கேள்வியாகப் போடவேண்டுமென்று விண்ணப்பிக்கிறோம்.

சட்டம் வரும்வரை ஊர் திரும்புகிறவர்கள் சில காரியங்களை நினைவில் வைத்தல் நலம். என்.ஓ.சி. மனு கொடுத்ததற்கு ரசீது வாங்கி வையுங்கள். முப்பது நாளுக்குள் அதிகாரி மறுத்தோ கொடுத்தோ பதில் தராவிட்டால், 48-ஆவது பிரிவின்படி சான்று கொடுத்ததாகவே கருதப்படும். முதலில் வரி கட்டிய ரசீதைத் தொலைக்காதீர்கள். திரும்ப வாங்கும் மனுவுக்கு அதுவே ஆதாரம். பழைய ஊர்ப் பாங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடிவிடவேண்டாம். பணம் அங்கே வந்து சேரக்கூடும்.