மூலநூலும் உரையும்: கட்டற்ற மென்பொருள் கையேடுகள் – ஓர் ஆய்வு

முன்னுரை

மென்பொருளின் பயன்பாட்டை அறிய விழைவோர்க்கு வழிகாட்டுவது கையேடு. கட்டற்ற மென்பொருள்களுக்கு எழும் கையேடுகள் இருவகைப்படும். மென்பொருளை ஆக்கியோரே வெளியிடுவது அதிகாரப்பூர்வக் கையேடு. அவரைச் சாராத பிறர் தம் பட்டறிவு கொண்டு எழுதுவது தனிக்கையேடு. முன்னதே நம்பத்தக்கது, பின்னது வெறும் துணை என்பது பொதுவான கருத்து. இக்கருத்து எல்லா நிலையிலும் பொருந்துவதன்று என்பதை, மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தள மென்பொருளுக்குத் தமிழில் எழுந்த கையேட்டை முன்னிறுத்தி இக்கட்டுரை விளக்குகிறது.

தமிழ் உரைமரபு

இவ்விருவகையும் தமிழ்மரபிற்குப் புதியன அல்ல. இலக்கண விளக்கம் இயற்றிய வைத்தியநாத தேசிகர் தம் நூலுக்குத் தாமே உரையும் வரைந்தார். அந்நூலை மறுத்துச் சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுதினார். ஆசிரியரே உரை கண்டதனால் பிறர் ஆராய்ச்சிக்கு வாயில் அடைபடவில்லை என்பது இதனால் புலனாகும். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய விருத்தியுரையை அதே முனிவர் திருத்தி விரித்ததும் கருதத்தக்கது. மேலும், தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என வழிநூலை நான்காக வகுக்கும் தொல்காப்பிய மரபியல், மொழிபெயர்ப்பையும் நூலாக்க நெறிகளுள் ஒன்றாக ஏற்கிறது. மறுத்தல், திருத்துதல், மொழிபெயர்த்தல் ஆகிய மூன்றும் உரைமரபில் இயல்பாக நிகழ்ந்தன.

உரிமமும் கையேடும்

இயக்குதல், மூலநிரலைக் கற்றல், பகிர்தல், மாற்றியமைத்தல் ஆகிய உரிமைகளைப் பயனர்க்கு அளிப்பதே கட்டற்ற மென்பொருள். மென்பொருளை மாற்றுவோர் அதன் கையேட்டையும் மாற்ற வேண்டியிருப்பதால், கையேடும் அவ்வாறே கட்டற்றதாக இருத்தல் வேண்டும் என்று ரிச்சர்டு ஸ்டால்மன் வாதிட்டார். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஜிஎன்யு கட்டற்ற ஆவண உரிமம் இந்நோக்கில் உருவானதே.

மைஎஸ்க்யூஎல் இக்கொள்கைக்கு மாறான சான்று. இம்மென்பொருளின் மூலநிரல் ஜிஎன்யு பொது உரிமத்தின்கீழ்க் கிடைக்கிறது. ஆனால் அதன் அதிகாரப்பூர்வக் கையேடு அவ்வுரிமத்தின்கீழ் இல்லை. உள்ளடக்கத்தை மாற்றாமல் கோப்பு வடிவத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்; அதன் பகுதியைப் பிறிதொரு வெளியீட்டில் பயன்படுத்துவதாயின் ஆரக்கிள் நிறுவனத்தின் எழுத்துவழி ஒப்புதல் வேண்டும். 2009இல் மைஎஸ்க்யூஎல்லிலிருந்து மரியாடிபி கிளைத்தபோது மூலநிரலைத் தடையின்றி எடுத்துக்கொள்ள முடிந்தது. கையேட்டை அவ்வாறு எடுக்க இயலாமையால் தனக்கென ஆவணத் தொகுப்பை அத்திட்டம் உருவாக்கிக்கொள்ள நேர்ந்தது. போஸ்ட்கிரெஸ்க்யூஎல் இதற்கு மறுதலை. அதன் கையேடு மென்பொருளுக்குரிய உரிமத்துடனேயே வழங்கப்படுகிறது.

தமிழில் தனிக்கையேடு

மேற்கண்ட நிலையில், மைஎஸ்க்யூஎல்லின் அதிகாரப்பூர்வக் கையேட்டை ஒருவர் தமிழாக்கினும் ஒப்புதலின்றி வெளியிட இயலாது. தொல்காப்பியம் வழிநூலாக ஏற்ற மொழிபெயர்ப்பு இங்கு உரிமத்தால் தடுக்கப்படுகிறது. எனவே தமிழில் தடையின்றிப் பரவவல்ல கையேடு தனிக்கையேடாகவே எழ முடியும்.

2012 சனவரியில் தொடங்கிய 'கணியம்' மின்னிதழ், கட்டற்ற மென்பொருள் அறிவைத் தமிழில் வழங்கி வருகிறது. து. நித்யா எழுதிய 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' அதன்வழி மின்னூலாக வெளிவந்தது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அமைந்தமையால் இதனைப் படியெடுக்கவும் திருத்தவும் பகிரவும் எவர்க்கும் உரிமை உண்டு. மென்பொருளின் அதிகாரப்பூர்வக் கையேட்டில் இல்லாத கட்டற்ற தன்மை தனிக்கையேட்டில் அமைந்திருத்தல் நோக்கத்தக்கது.

இதன் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பகுதிகளில் இருப்புக் கணக்கு, வருகைப் பதிவு முதலியன கணினிவழி நடைபெறுகின்றன. தமிழ்வழியில் பயின்று இப்பணிகளுக்கு வருவோர்க்கு ஆங்கிலக் கையேடு முதற்படியிலேயே தடையாகலாம். தாய்மொழியில் கற்பவர், தரவை உள்ளிடும் நிலையிலிருந்து அத்தரவு சேமிக்கப்படும் முறையை அறியும் நிலைக்கு உயர வழி பிறக்கிறது.

தனிக்கையேட்டின் எல்லை

தனிக்கையேட்டிற்குக் குறைகளும் உள. நன்னூல் நூற்பாக்கள் மாறுவதில்லை. மென்பொருளோ பதிப்புதோறும் மாறுகிறது. அதிகாரப்பூர்வக் கையேடு பதிப்போடு இணைந்து புதுப்பிக்கப்படும். தனிக்கையேடு எழுதிய காலத்திலேயே நின்றுவிடக் கூடும். நீக்கப்பட்ட கட்டளை ஒன்றைக் கற்பித்து மாணவரை மயக்கவும் கூடும். திருத்தும் உரிமை வழங்கப்பட்டாலும், திருத்துவோர் இல்லையெனில் அவ்வுரிமையால் பயனில்லை. சங்கர நமச்சிவாயருக்குப் பின் ஒரு சிவஞான முனிவர் வாய்த்தது போலத் தமிழ்க் கையேடுகளுக்கும் அடுத்த கை தேவைப்படுகிறது.

முடிவுரை

அதிகாரப்பூர்வம் என்பது ஒரு கையேட்டை வெளியிட்டவர் யார் என்பதை உணர்த்துமேயன்றி, அக்கையேட்டைப் பயில்வோர்க்குள்ள உரிமையை உணர்த்தாது. துல்லியத்திற்கும் புதுமைக்கும் அதிகாரப்பூர்வக் கையேட்டையும், மொழிக்கும் கற்போர் சூழலுக்கும் தனிக்கையேட்டையும் நாடுவதே பொருத்தமாகும். வெளிவந்த தமிழ்க் கையேடுகளைப் புதிய பதிப்புகளோடு ஒப்பிட்டுத் திருத்தும் பணியைத் தமிழ்த்துறைகளும் கணினித்துறைகளும் இணைந்து மேற்கொள்ளலாம். பாடவேறுபாடு நோக்கலும் உரைதிருத்தலும் தமிழாய்வாளர்க்குப் பழகிய பணிகளே.