கூடத்தில் ஒரு பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். இக்காலத்துப் பட்டணவாசிகளோ பாம்பை விலை கொடுத்து வாங்கிப் பீங்கான் ஜாடியில் வைத்துக் கூடத்தின் நடுவே கொலுவிருத்துகிறார்கள். வாசகர்கள் பயப்பட வேண்டாம். நாம் சொல்ல வந்தது பாம்புச் செடியைப் பற்றி. உருவிய கத்திபோல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலை, அதன்மேல் அலையலையாகக் குறுக்கு வரிகள், சில வகைகளில் ஓரமெல்லாம் மஞ்சள் சரிகை. மேனாட்டார் இதற்கு 'மாமியார் நாக்கு' என்றும் பெயர் சூட்டியிருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லாத் தேசத்து மருமகள்மாரும் ஒரே கட்சி போலும்!

இதன் பிறந்தகம் மேற்கு ஆப்பிரிக்கா. தாவர சாஸ்திரிகள் நெடுங்காலம் இதைச் சான்செவியேரியா என்று அழைத்துவந்து, 2017-ல் டிரசீனா இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். நமது நாட்டிலேயே இதற்கு ஒரு சகோதரி உண்டு. மருள் என்று பெயர். 1776-ல் கம்பெனி வைத்தியராகச் சென்னைக்கு வந்த ராக்ஸ்பர்க் துரையின் பெயரைத்தான் அது சாஸ்திரப் புத்தகங்களில் தாங்கி நிற்கிறது. அதன் நார் வெகு உறுதியானது. வில்லுக்கு நாணாகவே பயன்பட்டதாம். வேலியோரத்து மருளைத் திரும்பிப் பாராத நாம், கடல் கடந்து வந்த தமக்கைக்குப் பணத்தை எண்ணிக் கொடுக்கிறோம். அது கிடக்கட்டும்.

இந்தச் செடியை எது வேண்டுமானாலும் பிழைக்க விடும், தண்ணீரைத் தவிர. காலையில் துளசிக்கு ஜலம் வார்த்த கையோடு இதற்கும் ஒரு செம்பு வார்ப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது. துளசிக்குத் தாகம் உண்டு, இதற்கு இல்லை. தடித்த இலையிலும், மண்ணுக்குள் படரும் கிழங்கிலும் இது வாரக் கணக்குக்கு நீரைச் சேமித்து வைத்திருக்கிறது. மேலும் மேலும் வார்த்தால் கிழங்கு அழுகும். இலையின் அடிப்பாகம் கொழகொழத்து, நாற்றமெடுத்து, ஒரு நாள் தானே சாயும். அதைப் பார்த்துவிட்டு, "ஐயோ, வாடுகிறதே!" என்று இன்னும் ஒரு செம்பு வார்ப்பவர்களும் உண்டு.

ஆகவே, விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் செம்பைக் கீழே வைத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே தாராளமாக வார்த்து, வடிந்த நீரைத் தட்டிலிருந்து கொட்டிவிட வேண்டும். கோடையில் பத்துப் பதினைந்து நாளைக்கு ஒரு முறை போதும். அடைமழைக் காலத்தில் மாதம் ஒரு தடவையே அதிகம். அடியில் துவாரமில்லாத அழகான ஜாடி இதற்குச் சவக்குழி. மண் தொட்டியே உத்தமம். செம்மண்ணோடு பாதிக்குப் பாதி பருமணலும், சிறிது மக்கிய எருவும் கலந்தால் நீர் தேங்காது.

இருட்டு மூலையிலும் இது உயிர் வாழும் என்பது மெய்தான், ஆனால் வளராது. வெளிச்சமுள்ள ஜன்னலோரம் சிலாக்கியம். வீட்டுக்குள்ளேயே இருந்த செடியைத் திடீரென்று சித்திரை வெயிலில் தூக்கி வைத்தால் இலை வெந்துபோகும். வாரத்துக்கொரு முறை ஈரத் துணியால் இலைத் தூசியைத் துடைக்கலாம்.

அழுகிய செடியையும் கைவிட வேண்டியதில்லை. கெட்ட பாகத்தை வெட்டி எறிந்து, நல்ல இலையை நாலங்குலத் துண்டுகளாக்கி, இரண்டு மூன்று நாள் நிழலில் உலர்த்தி, தலைகீழாகிவிடாமல் மணலில் ஊன்றினால் மெல்ல வேர் விடும். ஆனால் மஞ்சள் கரையிட்ட வகையை இப்படி வளர்த்தால் கரை வராது. வெறும் பச்சையே முளைக்கும். கரை வேண்டுவோர் கிழங்கைப் பிரித்து நட வேண்டும்.

இனிச் சற்றுக் கவலை தரும் விஷயம். நமது வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இழுப்பு நோய். செடி விற்றவர் பேச்சை நம்பி, அவன் பெற்றோர் ஆறு தொட்டிகளைப் படுக்கையறையில் வைத்து, "சுத்தமான காற்று வீணாகக்கூடாது" என்று ஜன்னல்களையும் சாத்திவிட்டார்கள்! 1989-ல் அமெரிக்காவின் நாஸா ஸ்தாபனத்தார் மூடிய பெட்டிக்குள் செடிகளை வைத்துச் சோதித்தார்கள். சில நச்சு ஆவிகள் குறைந்தன. நமது வீடு மூடிய பெட்டியா? 2019-ல் இத்தகைய சோதனைகளையெல்லாம் பரிசீலித்த ஆராய்ச்சியாளர்கள், சாதாரணக் காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை தேவை என்று கணக்கிட்டார்கள். பத்தடிக்குப் பத்தடி அறையில் குறைந்தது தொண்ணூறு தொட்டி! அப்புறம் பையன் எங்கே படுப்பான்? இரவில் பிராணவாயுவைப் பொழிகிறது என்பதும் அரைகுறைப் பேச்சு. இது இரவில் இலைத் துவாரங்களைத் திறந்து கரியமில வாயுவை வாங்கி வைத்துக்கொள்கிறது. பிராணவாயு உண்டாவதோ பகல் வெளிச்சத்தில்தான். ஜன்னலைத் திறக்கும்படியும், வைத்தியர் கொடுத்த மருந்தை நிறுத்தாதிருக்கும்படியும் அந்தப் பெற்றோரிடம் வற்புறுத்திச் சொன்னோம். தொட்டிகள் இப்பொழுது கூடத்துக்கு வந்துவிட்டன.

கூடத்திலும் சிறிது ஜாக்கிரதை வேண்டும். இலையில் சாபோனின் என்ற பொருள் இருக்கிறது. பூனையோ நாயோ கடித்துத் தின்றால் வாந்தி எடுக்கும். எதையும் வாயில் வைக்கும் குழந்தைக்கும் எட்டாமல் வைப்பது நலம். சில ஆண்டுகள் கழித்துத் தொட்டி நிறையக் கிழங்கு நெருங்கிவிட்டால், மண் தொட்டி விரிசல் விடும். அந்த நெருக்கத்தில்தான் எப்பொழுதாவது ஒரு முறை நெடிய தண்டொன்று கிளம்பி, பச்சை கலந்த வெண்மலர்கள் பூக்கும். அவற்றின் மணம் இரவில்தான் வீசும்.