படகின் அடுப்பும் எரிவாயு மறுநிரப்பும்

ஓர் எரிபொருளின் தகுதியை மதிப்பிடுவோர் அதன் வெப்பத் திறன், விலை, புகை ஆகியவற்றை முதலில் கருதுவர். தீர்ந்த பிறகு அது மறுபடியும் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி பெரும்பாலும் கடைசியிலேயே எழுகிறது. ஆனால் எரிபொருள் நிலைத்து நிற்பதும் வழக்கொழிந்து போவதும் இக்கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே பல இடங்களில் அமைந்திருக்கின்றன. இதற்குப் பாய்மரப் படகின் சமையல் அடுப்பு ஒரு சிறிய, ஆனால் தெளிவான சான்றாகும்.

படகில் அடுப்பு எரிப்பது கரையில் எரிப்பதைப் போன்றதன்று. வீட்டுச் சமையலறையில் வாயு கசிந்தால் கதவையும் சன்னலையும் திறந்து அதை வெளியேற்றலாம். படகின் அடிப்பகுதியோ நாற்புறமும் மூடிய ஒரு தொட்டி. சமையலுக்கு நாடெங்கும் பயன்படும் திரவ பெட்ரோலிய வாயு புரோப்பேன், பியூட்டேன் ஆகிய இரண்டின் கலவை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பியூட்டேன் ஏறத்தாழ இரு மடங்கு கனமானது. கசியும் வாயு தண்ணீரைப் போலத் தாழ்வான இடத்தைத் தேடிச் சென்று படகின் அடித்தளத்தில் தேங்கும். காற்றில் இரண்டு விழுக்காடு அளவுக்கு அது கலந்தாலே தீப்பற்றக்கூடும். அங்கேயே இயந்திரமும் மின்கலமும் இருப்பதால், இயந்திரத்தை இயக்கும்போது எழும் ஒரு பொறியே வெடிப்புக்குப் போதுமானது.

இயற்கை எரிவாயுவின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அதன் பெரும் பகுதியான மீத்தேன், காற்றின் எடையில் பாதியைச் சற்றே தாண்டும். கசிந்தால் மேலெழுந்து, திறந்த வாயில் வழியாக வெளியேறிவிடும். தீப்பற்றுவதற்குக் காற்றில் குறைந்தது ஐந்து விழுக்காடு கலந்திருக்க வேண்டும். ஆகவே படகுக்கு எது பாதுகாப்பானது என்ற கேள்விக்கு இயற்பியல் தரும் விடையில் ஐயமில்லை.

அமெரிக்காவின் பாய்மரப் படகு கட்டுவோர் பலர் இவ்விடையை ஏற்றனர். அதற்கு முன் அங்கே சாராய அடுப்புகளே மிகுதி. அவற்றின் வெப்பம் குறைவு. பற்றவைக்கும்போது சிந்தி எரிவதும் உண்டு. 1970-களிலும் 1980-களிலும் கட்டப்பட்ட படகுகள் பலவற்றில் சி.என்.ஜி. எனச் சுருக்கமாக வழங்கும் அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு அடுப்புகள் பொருத்தப்பட்டன. காலி சிலிண்டரைப் படகுத் துறையின் கடையில் கொடுத்து நிறைந்ததைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடும் இருந்தது. ஆயினும் இருபது ஆண்டுகளுக்குள் அக்கடைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அடுப்பு நன்றாகவே இருந்தது, சிலிண்டரும் பழுதடையவில்லை, நிரப்பித் தருவோர்தாம் அருகிவிட்டனர். காலி சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டிய நிலை படகு உரிமையாளர்களுக்கு ஏற்பட்டது. அவர்களுள் பலர் அடுப்பையே கழற்றிவிட்டு, எந்த அபாயத்துக்கு அஞ்சி ஒதுக்கினார்களோ அந்தத் திரவ வாயுவுக்கே மாறினர்.

இத்தோல்விக்குக் காரணம் நிரப்பும் முறையில் உள்ளது. அதைச் சற்று விரிவாகக் காண்பது பயனுடையது.

திரவ பெட்ரோலிய வாயு சாதாரண வெப்பநிலையில் பத்துப் பாருக்குள் அடங்கும் அழுத்தத்திலேயே திரவமாகிவிடும். ஒரு பார் என்பது ஏறத்தாழ வளிமண்டலத்தின் அழுத்தம். திரவத்தைக் குழாய் வழியே ஊற்றி எடை பார்த்தால் நிரப்பும் வேலை முடிந்தது. மீத்தேன் அவ்வாறு பணிவதன்று. கழி 82 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாவதில்லை. எனவே அதை வாயுவாகவே வைத்து, 200 பார் அளவுக்கு அழுத்திச் சிலிண்டரில் திணிக்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பல படிகளில் இயங்கும் கம்ப்ரசர், தடித்த சுவருடைய தையலற்ற எஃகுச் சிலிண்டர், உயரழுத்தக் குழாய்கள் எல்லாம் தேவை. இந்திய வீடுகளில் உள்ள 14.2 கிலோ சிலிண்டரின் உட்கொள்ளளவு சுமார் 33 லிட்டர். அதே கொள்ளளவில் 200 பார் அழுத்தத்தில் அடங்கும் இயற்கை எரிவாயு சுமார் 6 கிலோதான். வெற்றுச் சிலிண்டரின் எடையோ ஏறத்தாழ இரு மடங்காகிவிடும்.

நிரப்பு நிலையத்தில் வாயு உயரழுத்தச் சேமிப்புச் சிலிண்டர்களின் தொகுதியிலிருந்து காலிச் சிலிண்டருக்குத் தானே பாய்கிறது. இருபுறமும் அழுத்தம் சமமானதும் பாய்வது நின்றுவிடும். ஆகையால் தொகுதியைக் குறைந்த, நடுத்தர, உயர் அழுத்தம் என மூன்று வரிசைகளாகப் பிரித்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கின்றனர். விரைந்து நிரப்பினால் சிலிண்டருக்குள் வெப்பம் ஏறும். அளவுமானி முழு அழுத்தத்தைக் காட்டும். ஆறியபின் பார்த்தால் அழுத்தம் குறைந்திருக்கும். வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகக் கருதுவது இயல்பே. இந்தியாவில் இவ்வாயு கிலோ கணக்கில் விற்கப்படுவதற்குரிய நியாயம் இதில் விளங்கும். மறுபுறம், வாயுவாகவே இருப்பதால் எஞ்சியுள்ள அளவை அழுத்தமானியே காட்டிவிடும் என்ற வசதியும் உண்டு. திரவ வாயுவில் கடைசித் துளி ஆவியாகும் வரை அழுத்தம் பெரிதும் குறைவதில்லை. சிலிண்டரைத் தூக்கிப் பார்த்தே இல்லத்தரசி நிலைமையை அறிகிறார்.

அமெரிக்கப் படகுச் சிலிண்டர்கள் சுமார் 155 பார் அழுத்தத்துக்கே உரியவை. அந்நாட்டில் 1992 ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டத்துக்குப் பிறகு மோட்டார் வாகனங்களுக்கெனத் தோன்றிய நிலையங்களோ 250 பார் அளவில் நிரப்புபவை. இணைப்பு முனைகளும் வேறு. கண்ணெதிரே இயற்கை எரிவாயு விற்கும் நிலையம் இருந்தும், படகுச் சிலிண்டரை அங்கே நிரப்ப இயலாது; நிரப்பினால் விபத்து. இதனுடன் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைச் செலவும் சேர்ந்தது. ஒரு படகின் அடுப்பு மாதக்கணக்கில் ஒரு சிலிண்டரைக் கொண்டே காலந்தள்ளும். நீண்ட கடற்கரையில் சிதறிக் கிடந்த சில ஆயிரம் அடுப்புகளுக்காக எந்த வணிகரும் உயரழுத்தக் கம்ப்ரசரை நிறுவ முன்வரவில்லை. கம்ப்ரசரின் முதலீடு பெரிது. ஒவ்வொரு வாடிக்கையாளரின் தேவை சிறிது. தேவையின் அடர்த்தி குறையும்போது நிரப்பு நிலையம் மூடப்படுகிறது. நிலையம் மூடப்படும்போது எஞ்சிய வாடிக்கையாளரும் விலகுகின்றனர். பொருளாதார மாணவர்கள் பாடநூலில் காணும் இச்சுழல் இங்கே ஓர் அடுப்பின் வடிவில் நடைபெற்றது.

இந்திய அனுபவம் இதே பாடத்தை வேறு கோணத்தில் காட்டுகிறது. தில்லியின் பேருந்துகள் அனைத்தையும் இவ்வாயுவுக்கு மாற்ற வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1998 ஜூலையில் ஆணையிட்டு, 2001 மார்ச் 31 வரை காலக்கெடு அளித்தது. மாற்றம் நிறைவடைந்தது 2002 டிசம்பரில்தான். இடைப்பட்ட காலத்தில் நிரப்பு நிலையங்களின் முன் பேருந்துகளும் ஆட்டோக்களும் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. வரிசையில் நின்ற ஆட்டோ ஓட்டுநருக்கு அன்றைய கூலியில் ஒரு பகுதி பறிபோயிற்று. குழாய்வழியில் உள்ள 'தாய் நிலைய'த்திலிருந்து லாரியில் வாயு ஏற்றிவந்து விற்கும் 'மகள் நிலைய'ங்களில் அழுத்தம் குறைந்துவிடுவதும் தாமதத்துக்கு ஒரு காரணம். வாகனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நிலையங்கள் பெருகிய பின்னரே நெருக்கடி தணிந்தது. அங்கே தேவை அடர்த்தியாக இருந்தமையால், தாமதமாகவேனும் முதலீடு வந்து சேர்ந்தது.

வாரணாசியில் இவ்வரிசை தலைகீழாக அமைந்தது எனலாம். கங்கையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் நூற்றுக்கணக்கான படகுகளில் டீசல் இயந்திரங்களே இருந்தன. அவற்றின் புகையும் எண்ணெய்க் கசிவும் படித்துறைகளுக்கு வருவோர் அனைவரும் அறிந்தவை. ஜகதீஷ்பூர்–ஹால்தியா குழாய்வழித் திட்டத்தால் இயற்கை எரிவாயு அப்பகுதியை எட்டியபின், பொதுத்துறை நிறுவனமான கெயிலின் சமூகப் பொறுப்பு நிதியைக் கொண்டு இயந்திரங்கள் மாற்றப்பட்டன. அத்துடன், கிட்கியா படித்துறையை ஒட்டி ஆற்றின் மீதே மிதக்கும் நிரப்பு நிலையமும் அமைக்கப்பட்டது. மழைக்காலத்தில் கங்கையின் நீர்மட்டம் பல மீட்டர் உயரும். மிதவை மேடையும் உடன் உயர்ந்து தாழும். படகோட்டி சிலிண்டரைக் கழற்றித் தோளில் சுமந்து படிகளில் ஏற வேண்டியதில்லை. இவ்வசதி இல்லாதிருந்தால், மானியமாகக் கிடைத்த இயந்திரத்தை ஒதுக்கிவிட்டுப் படகோட்டிகள் மறுபடியும் டீசலை நாடியிருப்பர் என்று எண்ண இடமுண்டு. அவர்களை அதற்காகக் குறை கூறவும் முடியாது. ஒரு நாள் சவாரி தவறினால் அன்றைய வருவாய் இல்லை.

எனினும் வாரணாசிப் படகுகளில் எரிவது இயந்திரம், அடுப்பு அன்று. நாள்தோறும் நிரப்பும் இயந்திரத்துக்குப் பொருந்தும் கணக்கு, சிறிதளவே எரிக்கும் சமையலுக்குப் பொருந்தாது. வேம்பநாட்டுக் காயலின் கெட்டுவள்ளங்களிலும், வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் மீன்பிடிப் படகுகளிலும் சமையல் நடப்பது திரவ வாயுவில்தான். நாட்டில் அவ்வாயுவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட நிரப்பு ஆலைகளும், இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட விநியோகஸ்தர்களும், முப்பது கோடிக்கும் மேற்பட்ட வீட்டு வாடிக்கையாளர்களும் உள்ளனர். இத்தகைய வலைப்பின்னலை விட்டு, இயற்பியலில் மேம்பட்டதென்ற ஒரே காரணத்துக்காகப் படகு அடுப்புக்கு வேறு வாயுவைத் தேடுவது அமெரிக்கப் படகுக்காரர்களின் அனுபவத்தை மீண்டும் விலைக்கு வாங்குவதாகும். அடுப்பின் துளை முனைகளும் இரு வாயுக்களுக்கும் வேறு; மீத்தேனுக்குப் பெரிய துளை வேண்டும். மாற்றிக் கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ஒன்றுக்குரிய அடுப்பில் மற்றொன்றை எரிப்பது ஆபத்தானது.

ஆகவே இருக்கும் வாயுவைப் படகில் எவ்வாறு பாதுகாப்பாகக் கையாள்வது என்பதே இங்கு நடைமுறைப் பிரச்சினை. சிலிண்டர் மேல்தளத்தில், அடிப்புறம் துளையுள்ள தனி அடைப்பில் இருக்க வேண்டும். கசியும் வாயு அத்துளை வழியே படகுக்கு வெளியே வழிந்துவிடும். சமையல் முடிந்தவுடன் அடுப்பின் குமிழை மட்டுமன்றிச் சிலிண்டரின் ரெகுலேட்டரையும் மூடுதல் வேண்டும். இவை செலவில்லாத ஏற்பாடுகள்.

பெரிய அபாயம் வேறிடத்தில் உள்ளது. வீட்டுச் சிலிண்டரிலிருந்து முத்திரையற்ற சிறு சிலிண்டர்களுக்கு வாயுவை மாற்றித் தரும் மறைவுத் தொழில் பல ஊர்களில் நடைபெறுகிறது. 1884 ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் இயற்றப்பட்ட 2016 ஆம் ஆண்டு எரிவாயு சிலிண்டர் விதிகளின்படி, உரிமம் பெற்ற இடத்திலன்றி வேறெங்கும் சிலிண்டரை நிரப்பலாகாது. எடை பார்க்காமல் மாற்றும்போது சிலிண்டர் முழுவதும் திரவமே நிரம்பிவிடக்கூடும். வெயிலில் திரவம் விரிவதற்கு இடமின்றிப் போனால் சிலிண்டர் வெடிக்கும். வெயிலுக்கு ஒதுங்க இடமில்லாத படகுத் தளத்தில் இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் தடையால் மட்டும் இத்தொழில் ஒழியாது. முகவரிச் சான்று இல்லாத தொழிலாளிக்கு முறையான வழியில் சிறு சிலிண்டர் கிடைக்காதிருந்த காலத்தில் அது வேரூன்றியது. 2013 இல் முகவரிச் சான்று கேட்காமல் விற்கத் தொடங்கிய 5 கிலோ சிலிண்டர் இக்குறைக்கு ஓரளவு விடையாயிற்று. மீன்பிடித் துறைமுகங்களின் அருகிலேயே அதன் விற்பனை முனைகள் அமையுமானால் மறைவுத் தொழிலின் வாடிக்கையாளர் பெரிதும் குறைவர். எஃகைக் கடற்காற்று அரிக்கும் என்பதால், 2021 இல் அறிமுகமான கண்ணாடி இழைச் சிலிண்டர் படகுகளுக்கு இன்னும் ஏற்றது. அது துருப்பிடிப்பதில்லை, எடையும் குறைவு, உள்ளே திரவம் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதும் ஒளியில் தெரியும். விலை கூடுதல் என்பதே தடை.

எஃகுச் சிலிண்டரை வாங்குவோர் அதன் மேற்புறத் தாங்கு பட்டையில் ஓர் எழுத்தும் இரண்டு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். ஏ, பி, சி, டி என்பவை ஆண்டின் நான்கு காலாண்டுகள். 'பி-27' என்றிருந்தால் 2027 ஜூன் இறுதிக்குள் அச்சிலிண்டர் மறுசோதனைக்குச் செல்ல வேண்டும். மூன்று வாரம் கடலில் இருக்கப் போகும் படகில் ஏற்றுமுன், கரையிலேயே இவ்வெழுத்தைப் பார்த்துக் காலங்கடந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நடுக்கடலில் மாற்றித் தருவோர் எவருமில்லை.