ஆயாவிடம் கேட்காமல் விட்ட கேள்வி

எங்கள் ஆயா, அப்பாவைப் பெற்றவர், மாலையில் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும்போதெல்லாம் ஏரிக்கரைப் பக்கம் கையை நீட்டுவார். "அந்தப் பனைமரத்துக்குக் கீழண்ட இருக்கறது நம்ம நிலம்டா. உங்க தாத்தனோட அப்பனுக்கு வெள்ளைக்காரன் குடுத்தது" என்பார்.

நாங்கள் சிரிப்போம். அந்த நிலத்தில் ஊர்த்தெருக்காரர் ஒருவர் கரும்பு போட்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் அதே கரும்பைக் கூலிக்கு வெட்டப் போவார்கள். வெள்ளைக்காரனாவது, நமக்கு நிலம் தருவதாவது! கிழவி கதை சொல்கிறாள் என்று விட்டுவிட்டோம்.

ஆயா இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, முதுகலைத் தமிழ் படிக்கும்போதுதான் 'பஞ்சமி நிலம்' என்ற சொல்லைப் படித்தேன். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பில் இருந்தவர் டிரமென்ஹீர். அம்மாவட்டப் பறையர் மக்களின் நிலை குறித்து அவர் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892-ல் அரசாணை வந்தது. சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் இப்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வழங்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. முதல் 10 ஆண்டுகள் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இவை நிபந்தனைகள்.

ஆயா சொன்னது கதை இல்லை என்று அன்றுதான் உறைத்தது.

ஒரு பெயர், மூன்று ஆட்கள்

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டைப் பார்த்தேன். கரும்புக்காரர் குடும்பத்தின் பெயர்தான் இருந்தது. பிறகு சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போய், எங்கள் கிராமத்தின் பழைய நிலப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். பழுப்பேறி ஓரம் உதிர்ந்த தாள்கள். ஏரிக்கரைப் புல எண்களுக்கு நேராக எங்கள் சேரிக்காரர்களின் பெயர்கள். தாத்தாவின் அப்பா பெயரும் இருந்தது. அந்தப் பெயரை எழுத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை. கண் கலங்கிவிட்டது.

அடுத்த நிமிடமே இன்னொன்றும் தெரிந்தது. அதே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். தகப்பன் பெயர் எழுதப்படவில்லை. மூவருக்கும் மூன்று இடத்தில் நிலம். இதில் எங்களவர் யார்? பதில் தெரிந்தவர் ஆயா ஒருவர்தான். அவர் மடியில் வளர்ந்த நான், "தாத்தாவோட அப்பாவுக்கு அப்பா யாரு?" என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்தக் குற்ற உணர்வில் தொடங்கியதுதான் என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஏதாவது ஒரு சேரியில் வயதானவர் ஒருவருடன் உட்காருவேன். இருபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. சிலருக்குத் தபால்தலை சேர்ப்பது பொழுதுபோக்கு. எனக்கு இது. மன்னர்களுக்குக் கல்வெட்டு உண்டு, ஜமீன்களுக்குச் செப்பேடு உண்டு. நமக்கு இருப்பது கிழவிகளின் நினைவு. ஒரு சாவு விழுந்தால் ஒரு பதிவேடு எரிகிறது.

எப்படித் தொடங்குவது?

மாணவர்கள் பலர் இதைக் கேட்கிறார்கள். வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

முதலில் பெயர்கள். நம் பாட்டிகள் புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்லித் தலையாட்டுவார்கள். அதனால் இன்னொரு பெரியவரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். பட்டப்பெயரையும் எழுதுங்கள். பெண்கள் எந்த ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தார்கள் என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். அரசுத் தாளில் அவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது.

அடுத்து இடங்கள். ஏரி, மடை, கழனி, சுடுகாடு, குலசாமி நிற்கும் மரம் எல்லாவற்றையும் அந்தக் காலப் பெயரோடு கையால் ஒரு வரைபடமாகப் போடுங்கள்.

மூன்றாவது, தகரப் பெட்டி. பழைய பள்ளிச் சான்று, கடன் பத்திரம், தேயிலைத் தோட்டத்துக் காகிதம், கோலார் தங்கவயல் வேலைச் சீட்டு, இலங்கையிலிருந்து திரும்பியவர்களின் கடவுச்சீட்டு எதுவும் குப்பை இல்லை. கைப்பேசியில் படம் எடுத்து, தேதி போட்டு வையுங்கள்.

இதற்குப் பிறகுதான் அலுவலகம். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை மக்கள் யு.டி.ஆர். என்பார்கள். அதில் வந்த பட்டாவை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். அதற்கு முந்தைய பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. 10 ரூபாய் கட்டணத்தோடு மனு போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தேடும்போது கிடைப்பதெல்லாம் பெருமையாக இருக்காது. சாராயக் கடனுக்குக் கைநாட்டு வைத்த தாத்தாவும் வருவார். பங்காளியை ஏமாற்றியவரும் வருவார். அதையும் எழுதுங்கள். மறைத்து எழுதினால், நம்மை மறைத்து எழுதியவர்களுக்கும் நமக்கும் வேறுபாடு இல்லை.

காத்து வைத்தவர்கள்

இது நமக்குப் புதிய வேலையும் அல்ல. இரட்டைமலை சீனிவாசன் தன் வாழ்க்கையை 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்று 1939-ல் எழுதி வைத்தார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய 'தமிழன்' வார இதழ் பல பத்தாண்டுகள் பேச்சிலேயே இல்லை. அன்பு பொன்னோவியம் போன்ற சிலர் பழைய இதழ்களை வீட்டில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதனால்தான் பண்டிதரின் எழுத்துகள் மீண்டும் தொகுப்புகளாக அச்சேறின. இன்று பல்கலைக்கழகங்களில் அவரை ஆராய்கிறார்கள் என்றால், அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அந்தத் தாள்களைக் கரையானிடமிருந்து காத்திருக்கிறார்.

எங்கள் நிலம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் கைக்கு வரவில்லை. நான்கு ஆண்டுகள் தேடி, வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன ஓர் அத்தைப்பாட்டியைக் கண்டுபிடித்தேன். பதிவேட்டில் இருந்த மூவரில் ஒருவரைப் பற்றி, "அவன் புள்ள குட்டி இல்லாம செத்தவனாச்சே" என்றார். மூன்று இரண்டானது. அந்த இரண்டை ஒன்றாக்கத்தான் இப்போதும் அலைகிறேன். ஆயா உயிரோடு இருந்தபோது கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஒரு ஆயா உட்கார்ந்திருக்கிறாரா? இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.